உப்பில் வெளுத்த காகிதம்

மரத்தை வேகவைத்துக் கூழாக்கினால் வெள்ளைக் காகிதம் வந்துவிடாது. மளிகைக் கடைக் கவரின் பழுப்புதான் அந்தக் கூழின் இயல்பான நிறம். அந்தப் பழுப்பைப் பள்ளி நோட்டின் வெள்ளையாக மாற்ற, காகித ஆலைகள் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் நம்பியிருந்தது சாதாரண உப்பை. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு முனையில் குளோரின் கிளம்பும். மறுமுனையில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் கிடைக்கும். குளோரின் கூழை வெளுக்க, காஸ்டிக் சோடா அதைக் கழுவ. ஒரே தொட்டியில் ஆலைக்கு வேண்டிய இரண்டும் பிறந்தன.

காகிதத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்திரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். மின்னாற்பகுப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அலுமினியத்தையும் செம்பையும் பற்றிப் பேசுகிறார்கள். இந்த இரு தொழில்களும் ஒன்றையொன்று வளர்த்த கதை இரண்டுக்கும் நடுவில் விடுபட்டுப் போகிறது. அந்தக் கூட்டில் பிறந்த உத்திகளில் சில இன்றும் நிற்கின்றன, சில கைவிடப்பட்டன. ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உள்ளே போன பொருளைத் திரும்ப ஆலைக்குள்ளேயே கொண்டுவந்த உத்திகள் நிலைத்தன; மிச்சத்தை ஆறு ஏற்றுக்கொள்ளும் என்று நம்பிய உத்திகளை, பெரும் சேதத்துக்குப் பிறகு, ஒவ்வொன்றாக விட்டுவிட வேண்டியிருந்தது. இது என் முடிவு. இதற்கான காரணங்கள் வேதியியலிலேயே இருக்கின்றன.

மரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செல்லுலோஸ் இருக்கிறது. கால் பங்கு அளவுக்கு, நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின். காகிதத்துக்கு வேண்டியது முன்னது, நிறம் கொடுப்பது பின்னது. கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்த காலத்தில் லிக்னின் பிரச்சினையே இல்லை; பருத்தியும் லினனும் கிட்டத்தட்டச் சுத்தமான செல்லுலோஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கந்தலுக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் மரம் உள்ளே வந்தது. ஜெர்மனியின் கெல்லர் 1844இல் மரத்தைக் கல்லில் அரைத்துக் கூழாக்கினார். அதில் லிக்னின் அப்படியே தங்கிவிடும். பழைய செய்தித்தாள் மஞ்சளாவது அதனால்தான். லிக்னினைக் கரைத்து வெளியேற்ற, ஹ்யூ பர்கெஸ், சார்ல்ஸ் வாட் என்ற இரு ஆங்கிலேயர்கள் மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவில் அழுத்தத்தோடு வேகவைத்தார்கள். 1854இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். இந்த சார்ல்ஸ் வாட்தான் 1851இல் உப்புக் கரைசலை மின்சாரத்தால் பிரிக்கும் முறைக்கும் பிரிட்டனில் காப்புரிமை வாங்கியவர். சோடாவில் மரத்தை வேகவைப்பதும் உப்பிலிருந்து சோடாவையும் குளோரினையும் எடுப்பதும் ஒரே மனிதரின் மேசையில் அருகருகே இருந்திருக்கின்றன. ஆனால் அன்று மின்சாரம் என்றால் மின்கலம். மின்கலத்தின் துத்தநாகத்துக்கு ஆகும் செலவு, கிடைக்கும் குளோரினின் விலையைவிட அதிகம். டைனமோ வரும்வரை வாட்டின் இரண்டாவது காப்புரிமை காகிதத்திலேயே கிடந்தது.

டான்சிக் நகரில் கார்ல் டால் 1879 வாக்கில் செய்த ஒரு மாற்றம், காகித வேதியியலிலேயே எனக்கு மிகவும் அழகாகத் தெரிவது. வேகவைத்தபின் மிஞ்சும் கரிய நீரைச் சுண்டவைத்து எரித்தால் அதிலுள்ள சோடா சாம்பலாகத் திரும்பக் கிடைக்கும். இழப்பை ஈடுகட்ட விலை உயர்ந்த சோடாவுக்குப் பதிலாக மலிவான சோடியம் சல்பேட்டைச் சேர்த்தார் டால். உலையில் அது சல்ஃபைடாக மாறியது. சல்ஃபைடு சேர்ந்த நீரில் மரம் விரைவாக வெந்தது, நாரும் உறுதியாக வந்தது. இதுவே கிராஃப்ட் முறை. 1930களில் கனடாவில் டாம்லின்சன் மீட்பு பாய்லரை வடிவமைத்த பிறகு இந்தச் சுழற்சி முழுமையடைந்தது. லிக்னின் எரிந்து ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் தருகிறது. உலையின் அடியில் உருகி ஓடும் சோடியம் கார்பனேட்டைச் சுண்ணாம்பு மறுபடி காஸ்டிக்காக மாற்றுகிறது. சுண்ணாம்புச் சேறு சூளைக்குப் போய் மறுபடி சுண்ணாம்பாகிறது. நல்ல ஆலை தன் வேகவைப்பு ரசாயனத்தில் நூற்றுக்கு 95க்கு மேல் மீட்டுவிடுகிறது. இந்தச் சுழற்சிக்குள் வர முடியாத ஒரே விருந்தாளி குளோரின். அது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கிராஃப்ட் கூழுக்கு ஒரு குறை. வேகவைத்த பிறகும் மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை லிக்னின் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் நிறமும் கருமையானது. ஸ்வீடனில் ஏக்மன் 1874இல் தொழிலாக்கிய சல்ஃபைட் முறைக் கூழோ எளிதாக வெளுக்கும். அதனால் எழுதும் காகிதம் நெடுங்காலம் சல்ஃபைட் வசமும், சாக்குக் காகிதம் கிராஃப்ட் வசமும் இருந்தன. வெளுக்க அன்று கிடைத்தது வெளுப்புத்தூள். 1774இல் ஷீலே கண்ட குளோரினை 1799இல் சார்ல்ஸ் டெனன்ட் சுண்ணாம்பில் ஏற்றி மூட்டை கட்டக்கூடிய பொருளாக்கியிருந்தார். குளோரின், லெப்லாங்க் சோடா ஆலைகளின் அமிலக் கழிவிலிருந்து வந்தது. அந்தத் தொழில் சரிந்துகொண்டிருந்தபோது கேள்வி எழுந்தது: மின்சாரத்தால் குளோரின் செய்ய முடியாதா?

முதலில் கேட்டவர்கள் காகிதக்காரர்களே. பிரான்ஸில் எர்மீத் 1880களில் மக்னீசியம் குளோரைடு கரைசலை மின்னாற்பகுத்து, அந்த நீரையே கூழ்த்தொட்டியில் விட்டு வெளுத்துக் காட்டினார். இன்னும் முக்கியமானவர் ஆஸ்திரியாவின் கார்ல் கெல்னர். ரிட்டர்-கெல்னர் சல்ஃபைட் முறையில் பாதி பெயர் இவருடையது. ஆங்கிலேயர் எட்வர்ட் பார்ட்டிங்டனோடு சேர்ந்து இவர் தொடங்கிய கூழ் நிறுவனம் 1889இல் நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கில் ஆலை அமைத்தது. இன்றைய போர்ரெகோர்ட் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அங்கே இப்போது மர லிக்னினிலிருந்து வனிலின் எடுக்கிறார்கள். கூழ் செய்கிறவருக்கு வெளுப்பானும் காரமும் தினசரித் தேவை. அந்தத் தேவைதான் கெல்னரை உப்புக் கரைசலுக்குள் இழுத்தது.

உப்பைப் பிரிப்பது எளிது. பிரிந்தவை மறுபடி கலக்காமல் பார்த்துக்கொள்வதே கடினம். குளோரினும் காஸ்டிக்கும் சந்தித்தால் ஹைப்போகுளோரைட் ஆகும், பிறகு குளோரேட் ஆகும். ஜெர்மனியில் கிரீஸ்ஹைம் ஆலை 1890 வாக்கில் நடுவில் நுண்துளைத் தடுப்பு வைத்துப் பிரித்தது. ஆனால் கிடைத்த காஸ்டிக்கில் உப்பு கலந்திருந்தது. அமெரிக்கரான ஹாமில்டன் காஸ்ட்னருக்கு அது போதவில்லை. சோடியம் உலோகத்தைக் கொண்டு அலுமினியம் செய்து பிழைத்தவர் அவர். 1886இல் ஹால், எரூ ஆகிய இருவரின் மின்முறை வந்து அலுமினியத்தின் விலையைச் சரித்ததும் அவரது தொழில் போயிற்று. சோடியத்துக்கு வேறு பயன்களைத் தேடினார். அதற்குக் கலப்பில்லாத காஸ்டிக் வேண்டும். 1892இல் பாதரசத்தை எதிர்மின்முனையாக்கினார். சோடியம் பாதரசத்தில் கரைந்துகொள்ளும். அந்தக் கலவை அடுத்த அறைக்கு நகர்ந்து தண்ணீரைத் தொட்டால் தூய காஸ்டிக் பிறக்கும். பாதரசம் வெறுங்கையோடு திரும்பிவரும். கெல்னரும் அதே ஆண்டில் அதே வழியைக் கண்டிருந்தார். வழக்காடுவதைவிடச் சேர்ந்துகொள்வதே நல்லது என்று 1895இல் காஸ்ட்னர்-கெல்னர் நிறுவனம் பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்தின் ரன்கார்னிலும், அமெரிக்காவில் நயாகரா அருவியருகிலும் கலங்கள் ஓடின. காஸ்ட்னர் 1899இல், நாற்பத்தோரு வயதில், காசநோயில் இறந்தார்.

இதே காலத்தில் கனடியர் எர்னஸ்ட் லெ சூர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ரம்ஃபோர்ட் அருவிக்கரையில் தடுப்புக் கலத்தை நிறுவினார். அங்கே அருவி மின்சாரம் தந்தது, பக்கத்திலேயே காகித ஆலை எழுந்தது. அடுத்த அரை நூற்றாண்டின் வரைபடமே அது: ஓர் ஆறு, ஓர் அணை, ஒரு கூழ் ஆலை, அதை ஒட்டி உப்புக் கலங்கள் நிற்கும் ஒரு கூடம்.

உப்பைப் பிரித்தால் ஒரு டன் குளோரினோடு 1.1 டன்னுக்குச் சற்றுக் கூடுதலாகக் காஸ்டிக் வந்தே தீரும். இந்த விகிதம் அணு எடைகளால் தீர்மானிக்கப்பட்டது, எந்தப் பொறியாளராலும் மாற்ற முடியாது. சந்தையோ இரண்டையும் ஒரே அளவில் கேட்பதில்லை. இரண்டையும் ஓரளவு சமமாகத் தின்னும் வாடிக்கையாளர் கிடைத்தால் உப்பாலைக்கு அதுவே வரம். கூழ் ஆலை அப்படிப்பட்ட வாடிக்கையாளர். குளோரினால் லிக்னினைத் தாக்கு, காஸ்டிக்கால் கழுவு, மறுபடி தாக்கு, மறுபடி கழுவு என்ற பலகட்ட வெளுப்பு 1930களில் நிலைபெற்றபோது, கருத்த கிராஃப்ட் கூழையும் வெளுக்க முடிந்தது. சல்ஃபைட் முறை பின்வாங்கியது, உலகின் எழுதும் காகிதம் கிராஃப்ட் பக்கம் சாய்ந்தது.

விலை பிறகுதான் தெரிந்தது. வேகவைத்த கரிய நீரை உலையில் எரிக்கலாம். வெளுப்புக் கட்டத்தின் கழிவு நீரை எரிக்க முடியாது. அதில் குளோரைடு இருக்கிறது. குளோரைடு மீட்புச் சுழற்சிக்குள் நுழைந்தால் வெளியே போக வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகும். பாய்லரின் சாம்பலை இளக்கிக் குழாய்களில் ஒட்டவைக்கும், இரும்பை அரிக்கும். ஆகவே உலகெங்கும் ஆலைகள் தம் வேகவைப்பு ரசாயனத்தைக் காசுபோல் எண்ணிச் சேமித்துவிட்டு, வெளுப்பு ரசாயனம் முழுவதையும் ஆற்றில் விட்டன.

ஆற்றில் போனது குளோரைடு மட்டுமல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து டிரைடன் ஊரில், கூழ் ஆலைக்குக் குளோரின் தருவதற்காகப் பாதரசக் கலங்கள் வைக்கப்பட்டன. ரீட் பேப்பரின் துணை நிறுவனமான டிரைடன் கெமிக்கல்ஸ் 1962 முதல் 1970 வரை வபிகூன் ஆற்றில் விட்ட பாதரசம் சுமார் 9 டன். கோட்பாட்டின்படி பாதரசம் கலத்துக்குள்ளேயே சுற்றவேண்டியது. நடைமுறையில் அது கழுவு நீரிலும் உப்புச் சேற்றிலும் ஹைட்ரஜனோடு ஆவியாகவும் கசிந்துகொண்டே இருக்கும். உலோகப் பாதரசம் அடியில் படிந்து சும்மா கிடக்கும் என்றுதான் அன்று நினைத்தார்கள். ஆற்றுச் சேற்றின் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன என்று 1960களின் இறுதியில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் யென்சனும் யெர்னெலவும் காட்டினார்கள். மெத்தில் பாதரசம் மீனில் ஏறும், மீனைத் தின்னும் மனிதரின் நரம்பில் ஏறும். கீழே கிராஸி நாரோஸ், வைட்டாக் என்ற இரு பழங்குடிச் சமூகங்கள் அந்த மீனை உண்டும், மீன்பிடிக்க வருவோருக்கு வழிகாட்டியும் வாழ்ந்தவை. 1970இல் மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டது. உணவும் வேலையும் ஒரே நாளில் போயின. ஜப்பானின் மினமாட்டாவில் இதே நஞ்சால் பாதிக்கப்பட்டோருக்காக வாழ்நாளைச் செலவிட்ட மருத்துவர் மசாசுமி ஹராடா 1975இல் அங்கே போய், மினமாட்டாவில் தான் கண்ட அறிகுறிகளைக் கண்டார். இழப்பீட்டு உடன்பாடு வர 1980களின் நடுப்பகுதி ஆயிற்று. பாதிக்கப்பட்டோருக்கான சிகிச்சை இல்லத்துக்கு மத்திய அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 2020இல். காகிதத்தின் வெண்மைக்காக ஓடிய கலம் ஒன்று எட்டு ஆண்டுகளில் செய்ததை அரை நூற்றாண்டில் சரிசெய்ய முடியவில்லை. இது அளவுகளைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. அந்த மக்கள் யாரும் அந்த வெள்ளைக் காகிதத்தைக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மினமாட்டா வளைகுடாவின் பாதரசம் உப்பாலையிலிருந்து வந்ததல்ல, அசிட்டால்டிஹைடு ஆலையின் வினையூக்கியிலிருந்து வந்தது. ஆனால் அதன் அதிர்ச்சியில் ஜப்பான் தன் பாதரசக் கலங்கள் அனைத்தையும் மூடச்சொன்னது. மாற்று அங்கேயே வளர்ந்தது. டூபான்ட்டில் வால்தர் குரோட் உருவாக்கிய நாஃபியான் என்ற பாலிமர், சோடியம் அயனியை மட்டும் அனுமதித்துக் குளோரைடை மறிக்கும். அசாஹி கெமிக்கல் 1975இல் இப்படிப்பட்ட மென்படலக் கலங்களைத் தொழிலளவில் ஓட்டியது. அதற்கு முன்பே ஹென்றி பீர் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் நேர்மின்முனையைக் கொடுத்திருந்தார். மெல்ல மெல்லக் கரைந்து தேய்ந்த பழைய கிராஃபைட் தண்டுகள் போயின. பாதரசக் கலத்துக்கு ஒரு டன் குளோரினுக்கு மூவாயிரம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும். மென்படலத்துக்கு ஏறக்குறைய 2,400. ஆற்றுக்கு நல்லது மின்கட்டணத்துக்கும் நல்லதாக அமைந்தது இந்த வரலாற்றில் அபூர்வம். இந்தியாவில் இந்த முறையை முதலில் கொண்டுவந்தது புதுச்சேரி காலாப்பட்டின் கெம்ஃபேப் ஆல்கலிஸ், 1985இல். மினமாட்டா உடன்படிக்கை உலகெங்கும் உப்பாலைகளில் பாதரசத்துக்கு 2025ஐக் கெடுவாக வைத்தது.

கலம் சுத்தமானாலும் அதில் பிறந்த குளோரின் சுத்தமாகிவிடவில்லை. 1980களின் நடுவில் அமெரிக்கக் கூழ் ஆலைகளுக்குக் கீழே பிடித்த மீன்களில் டயாக்சின் என்ற நஞ்சு தெரிந்தது. குளோரின் லிக்னினின் வளையங்களில் ஏறி உட்கார்ந்துகொள்வதால் வந்த வினை அது. கிரீன்பீஸ் 1991இல் ஜெர்மனியில், ‘டெர் ஷ்பீகல்’ இதழின் போலிப் பதிப்பு ஒன்றைக் குளோரின் படாத காகிதத்தில் அச்சிட்டு, முடியும் என்று நிரூபித்தது. அமெரிக்கா 1998இல் விதிகளை இறுக்கியது. தொழில் தேர்ந்தெடுத்த வழி குளோரின் டை ஆக்சைடு. ஒரு குளோரின் அணுவுக்குக் கணக்கிட்டால் அதன் ஆக்சிஜனேற்றத் திறன் ஐந்து மடங்கு. வளையத்தில் ஏறாமல் வளையத்தை உடைக்கும். இன்று உலகின் வெளுத்த ரசாயனக் கூழில் மிகப் பெரும்பகுதி இப்படி வருகிறது. குளோரினே இல்லாத ஓசோன், பெராக்சைடு வழி சிறுபான்மையாகவே நின்றுவிட்டது.

இதைக் குளோரினிலிருந்து விடுதலை என்று விளம்பரங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. குளோரின் டை ஆக்சைடைச் சோடியம் குளோரேட்டிலிருந்து செய்கிறார்கள். குளோரேட்டையோ மறுபடி உப்பை மின்னாற்பகுத்துத்தான் செய்கிறார்கள், இம்முறை நடுவில் தடுப்பே இல்லாத கலத்தில், டன்னுக்குச் சுமார் 5,000 யூனிட் செலவில். கெல்னர் பிரிக்கப் பாடுபட்டவற்றை இங்கே வேண்டுமென்றே கலக்கவிடுகிறார்கள். டயாக்சின் போனது உண்மையான, பெரிய வெற்றி. உப்பும் மின்சாரமும் மட்டும் போகவில்லை. கலம் ஆலையை விட்டு வேறு ஊருக்கு நகர்ந்தது. காஸ்டிக்குக்கும் குளோரினுக்கும் இருந்த பழைய சமநிலையும் உடைந்தது. கூழ் ஆலைக்குக் காஸ்டிக் இன்னும் வேண்டும், அதன் இரட்டையான குளோரின் வேண்டாம். அந்தக் குளோரினில் கணிசமான பங்கு இன்று பிவிசி குழாய்க்குப் போகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் காஸ்டிக் விலை வீடு கட்டுவோரின் குழாய்த் தேவையோடு பிணைந்திருப்பது இப்படித்தான்.

குளோரைடையும் சுழற்சிக்குள் கொண்டுவர ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. குளோரின் டை ஆக்சைடு உற்பத்தியில் முன்னோடியான டொரோன்டோவின் ஹோவர்ட் ராப்சன், டக்ளஸ் ரீவ் என்பவரோடு சேர்ந்து, கழிவு நீரே வெளியேறாத ஆலையை வகுத்தார். வெளுப்பு நீர் முழுவதும் மீட்பு உலைக்குப் போகும். அங்கே மீட்ட வேகவைப்பு நீரைச் சுண்டவைத்து உப்பைப் படிகமாக எடுத்து, அதை மறுபடி வெளுப்பான் செய்யக் கொடுக்கும். 1977இல் தண்டர் பே நகரின் கிரேட் லேக்ஸ் ஆலையில் அது ஓடத் தொடங்கியது. டிரைடன் இருக்கும் அதே வடமேற்கு ஒன்டாரியோவில். தாளில் கணக்கு பிசகவில்லை. இரும்பில் பிசகியது: குளோரைடு ஏறிய நீர் ஆவியாக்கிகளையும் பாய்லர் குழாய்களையும் அரித்தது. சில ஆண்டுகள் போராடியபின் கைவிட்டார்கள். தோற்றாலும் இது வீண் முயற்சி அல்ல என்பது என் கருத்து. குளோரைடை உள்ளே அடைப்பதைவிட உள்ளே விடாமல் இருப்பதே வழி என்று தொழில் கற்றுக்கொண்டது அங்கேதான். 1970இல் தென்னாப்பிரிக்காவின் என்ஸ்ட்ரா ஆலையில் தொடங்கிய ஆக்சிஜன் கட்டம் அதன்பின் பரவியது. மீந்த லிக்னினில் பாதியை ஆக்சிஜனும் காரமும் வெளுப்புக்கு முன்பே எடுத்துவிடும். அந்த நீரில் குளோரைடு இல்லாததால் அது நேராக உலைக்குத் திரும்பும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறொரு முகம் உண்டு. மேட்டூர் அணையின் மின்சாரத்தை நம்பி மேட்டூர் கெமிக்கல்ஸ் 1930களில் எழுந்தது. தூத்துக்குடிப் பக்கம் சாகுபுரத்தில் உப்பளங்களை ஒட்டி டிசிடபிள்யூ வந்தது. காகிதமோ காவிரிக்கரையில், பள்ளிபாளையத்திலும் புகழூர்க் காகிதபுரத்திலும். 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் காட்டு மரத்துக்குப் பதில் கரும்புச் சக்கையை எடுத்துக்கொண்டது. சக்கையை எரித்துக்கொண்டிருந்த சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருள் கொடுத்துச் சக்கையை வாங்கிய ஏற்பாடு உலகக் காகிதத் தொழிலே கவனித்த ஒன்று. சக்கையில் லிக்னின் மரத்தைவிடக் குறைவு, எளிதில் வெளுக்கும். ஆனால் புல்வகைத் தாவரங்களில் மணலின் தாதுவான சிலிக்கா உண்டு. அது கரிய நீரில் கரைந்து, ஆவியாக்கியில் படிந்து, சுண்ணாம்புச் சுழற்சியைக் கெடுக்கும். வைக்கோலில் இது மிக அதிகம். வட இந்தியாவின் சிறு ஆலைகள் பல நெடுங்காலம் கரிய நீரை மீட்காமலே விட்டதற்கு முதலீட்டுக் குறைவோடு இதுவும் காரணம்.

இங்கே பற்றாக்குறை மரத்துக்கும் மின்சாரத்துக்கும் மட்டுமல்ல, தண்ணீருக்கும். சுத்திகரித்த ஆலை நீரைப் பயிருக்குப் பாய்ச்சுவது வறண்ட கொங்குப் பகுதியில் வழக்கமாகிவிட்டது. சுத்திகரிப்புக் குளத்தின் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்னும், உப்பைத் தொடாது. ஆகவே வெளுப்புக் கட்டத்திலிருந்து வரும் சோடியமும் குளோரைடும் வயலுக்கே போகின்றன. பலமான மழை அடித்துச் செல்லாத நிலத்தில் அவை படியும். ஆறு பெருகி ஓடும் ஸ்வீடனில் குளோரைடைக் கடலுக்கு விட்டுவிட்டு டயாக்சினை மட்டும் கணக்கெடுக்கலாம். கரூரில் அப்படி முடியாது. நம் ஆலைகளுக்கு ஆக்சிஜன் கட்டம் ஐரோப்பாவைவிட அவசரமானது என்று நான் கருதுவது இதனால்தான். பாடநூலுக்கும் விடைத்தாளுக்கும் அரசு கேட்கும் வெண்மை அளவைச் சற்றுக் குறைத்தாலே, கடைசி வெளுப்புக் கட்டத்தின் ரசாயனம் குறையும். லிக்னினின் கடைசித் துளியை எடுக்கத்தான் மிக அதிக வெளுப்பான் செலவாகிறது. படிக்கும் கண்ணுக்கு அந்தக் கடைசி வெண்மை தேவையில்லை.

மின்னாற்பகுப்பு இப்போது எதிர்த்திசையிலிருந்து ஆலைக்குத் திரும்புகிறது. குளோரின் டை ஆக்சைடு உற்பத்தியில் பக்கவிளைவாகச் சோடியம் சல்பேட் குவிகிறது. டாலின் காலத்தில் தேடி வாங்கிய பொருள், கசிவுகளை அடைத்துவிட்ட இன்றைய ஆலைக்கு மிகையாகிவிட்டது. அதை இருமுனை மென்படலங்களுக்கு நடுவே மின்சாரத்தால் பிரித்தால் ஒருபுறம் காஸ்டிக், மறுபுறம் கந்தக அமிலம். ஆலைக்கு இரண்டுமே வேண்டும், குளோரின் பிறப்பதே இல்லை. ஆக்சிஜனை எதிர்மின்முனையில் ஒடுக்கிப் பெராக்சைடை ஆலையிலேயே செய்யும் கலங்களும் 1990கள் முதல் உண்டு. இவை பரவலாகாததற்குக் காரணம் வேதியியல் அல்ல, மென்படலத்தின் விலையும் கரைசலில் கலந்துவரும் கால்சியமும். கால்சியம் மென்படலத் துளைகளில் படிந்தால் சில வாரங்களிலேயே கலத்தின் மின்னழுத்தம் ஏறத் தொடங்கிவிடும். அதனால் இன்றைய சோதனைகளில் பெரும்பங்கு கலத்தைப் பற்றியதல்ல, கலத்துக்கு முன்னால் வைக்கும் வடிகட்டியைப் பற்றியது.